இழுவை விமானத்துச் சவுரியப்பன்

சவுரியப்பனை எனக்குப் பிடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வம்பே இல்லை. பிடித்துப்போய்த்தான் என் வீட்டின் பின்கட்டை அவனுக்கும் அவன் பெண்டாட்டி செல்லிக்கும் வாடகைக்கு விட்டேன். பிடிக்காதவன்மேல் சந்தேகம் வந்தால் நாலு வசவு வைதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பிடித்தவன்மேல் வந்தால் ராத்தூக்கம் போய்விடுகிறது. எனக்குப் போனது.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஒரு ஜவ்வரிசி மில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடிய பிறகு, ஜவ்வரிசி காயவைக்கிற நீளமான களத்தையும் சுற்றியிருந்த தரிசையும் பெங்களூர்க்காரர்கள் வாங்கி விமானக் கிளப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கே பறப்பது எஞ்சினே இல்லாத விமானம். கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் பறந்தது. எஞ்சின் உள்ள ஒரு சின்ன விமானம், எஞ்சின் இல்லாததைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போகும். வேண்டிய உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுவார்கள். இழுபட்டது பருந்து மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். இழுத்தது கீழே வந்து அடுத்ததை இழுக்கும். எங்கள் ஊரில் இழுக்கிற விமானத்துக்கு 'இழுவை' என்றே பேர் வைத்துவிட்டோம். காசு இருக்கிறவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே, என்ன செய்வது!

அந்த இழுவைக்கு எண்ணெய் போடுவது, ஒயர் பார்ப்பது, கயிறு தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் சவுரியப்பனின் வேலை. பள்ளிப்பட்டிப் பக்கத்து வேதக்கார வீட்டுப் பிள்ளை. அப்பா கொத்தனார். இவனுக்குக் கல்லும் கலவையும் பிடிக்காமல், அரூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டப் பழகினான். பிறகு இதே ஜவ்வரிசி மில்லில் மோட்டார் பார்க்கச் சேர்ந்தான். அங்கே களத்தில் ஜவ்வரிசி கிளற வந்தவள் செல்லி. சித்தேரி மலைக்காரி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்கள், கடைசியில் தருமபுரியில் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இவன் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மலையில் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்து மில்லில் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. புதுக் குடித்தனம் போட்டவனுக்குத்தானே பணத்தேவை என்று இவனைத்தான் விசாரித்தார்கள். கம்பி பிறகு குடோனிலேயே கிடைத்தது என்றாலும் பேர் போனது போனதுதான். பெங்களூர் போய் ஒரு விமானப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து ஒயர் வேலை கற்றுக்கொண்டான். செல்லிக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தார்கள். தீர்த்தமலையில் ஒரு வீட்டுக்காரர் இவன் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுக் காலி செய்யச் சொன்னார். அரூரில் ஒரு வீட்டம்மா செல்லி எந்த மலை என்று விசாரித்துவிட்டுக் காலி செய்யச் சொன்னாள். கிளப்பில் வேலை கிடைத்து எங்கள் ஊருக்கு வந்தபோது, “யார்னு கேட்டுட்டு வுடுங்க அக்கா, அப்புறமா தெரிஞ்சி தொரத்தாதீங்க” என்று வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடித்தது. செல்லி முருங்கை நட்டாள், கோழி வளர்த்தாள், என் மாட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் காட்டினாள். “இனிமே பாய் தலகாணிய சுத்த வேணாங்க” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது.

நான் ஓடுபாதை ஓரம் புல்லறுக்கப் போவேன். ஒருநாள் இழுவையின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சவுரியப்பன் குனிந்திருந்தான். பக்கத்தில் ஒரு துணியின்மேல் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி.

“என்னா சவுரி அது?”

“இதுவா அக்கா? ப்ளேன் எங்க இருக்குது, எவ்ளோ ஒயரத்துல போவுதுன்னு இதுவே விடாம சொல்லிக்கினே இருக்கும்ங்க.”

“யாருக்குச் சொல்லும்?”

“எல்லாருக்கும்ங்க.”

எனக்கு மூக்கு வியர்த்தது. “எல்லாருக்கும்னா?”

“வானத்துல வேற ப்ளேன் வந்தா அதுக்கு. கீழ மேனேஜருக்கு. நாம நெனச்சா போன்லகூட பாக்கலாங்க. சேலத்துப் பக்கத்துல இருந்து பழகறவங்க ப்ளேன் ஓட்டிக்கினு வர்றாங்க இல்ல, போன மாசம் ஒண்ணு இழுவைக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சுங்க. பின்னால ஒண்ண கயித்துல கட்டி இழுக்கறப்ப டக்குனு ஒதுங்க முடியாதுங்க அக்கா. முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் உண்டு.”

“வானம் அவ்ளோ பெருசா கெடக்குது. அதுல ரெண்டு முட்டிக்கும்னு யார்கிட்ட கதை வுடற?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு காரணம் இருந்தது. சில வருஷம் முன்பு, என் கொழுந்தனார் மாந்தோப்புக்கு மேலே குட்டி விமானம் ஒன்று வண்டு மாதிரி கத்திக்கொண்டு சுற்றியது. பிள்ளைகள் எல்லாம் கையாட்டினார்கள். பிறகு ஆட்கள் வந்து ரோட்டுக்கு என்று கல் நட்டார்கள். காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் விழுந்தன. முதலில் பறப்பார்கள், பிறகு நடுவார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

என் தம்பியிடம் சொன்னேன். பேர்தான் பெரியண்ணன், எனக்குத் தம்பி. பாப்பிரெட்டிப்பட்டி போகிற வழியில் உரக்கடை வைத்திருக்கிறான். கல் நட்ட காலத்தில் முன்னால் நின்று அதைப் பிடுங்கியவன். அவனும் சும்மா இருப்பானா? பால் சொசைட்டி வாசலில் சவுரியப்பனை நாலு பேர் மறித்துக் கேட்டார்கள். அவன் என்ன செய்தான் தெரியுமா? தன் போனை எடுத்து, இழுவை போகிற இடத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்து, “ஒளிக்க எதுவும் இல்லீங்க, நீங்களே பாருங்க” என்று காட்டி, பெரியண்ணன் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அதுதான் அவன் செய்த பைத்தியக்காரத்தனம். அதுவரை எங்களுக்கு வெறும் சந்தேகம். அன்றிலிருந்து கையில் சாட்சி. இழுவை போகிற வழியெல்லாம் போனில் கோடு கோடாக விழுந்தது. கிளப்பிலிருந்து கிளம்பி, கரட்டு மேட்டுக்கு வந்து, ஒரு சுற்று சுற்றித் திரும்பியது. மறுபடியும் அதே. நாள் முழுக்க அதே. அந்தக் கரட்டு மேட்டில்தான் என் புன்செய்க் காடு இருக்கிறது. என் புருஷன் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

“பாத்தியா அக்கா, ஒன் காட்டத்தான் சுத்திச் சுத்தி அளந்து எழுதறான்” என்றான் பெரியண்ணன்.

நேரே பின்கட்டுக்குப் போய், சோற்றில் கை வைத்திருந்தவனிடம் கேட்டேன். “அவ்ளோ பெரிய வானத்துல எங்காடுதான் கெடச்சுதா?”

“அக்கா, ஒங்க காட்ல பாறை நெறைய இருக்குது இல்லீங்களா? வெயிலுக்கு அது கொதிக்குது. அங்க இருந்து காத்து குபுகுபுன்னு மேல கெளம்புதுங்க. எஞ்சின் இல்லாதது அந்தக் காத்துலதாங்க நிக்கும். அதனாலதான் அங்க கொண்டுபோயி வுடறாங்க.”

“எங்காட்டுப் பாறை, எங்காட்டுக் காத்து! நாளைக்கு அதுக்கும் பட்டா கேப்பீங்க!”

“ஐயோ, இல்லீங்க அக்கா.”

“ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடுங்க. ஆடில யாரும் குடி மாற மாட்டாங்க, அதச் சொல்லி ஆவணி வரைக்கும் இழுப்பீங்க. இப்பவே வேற எடம் பாரு.”

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். செல்லிதான் வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள்.

“அங்க கிளப்புக்குப் போனா ஊர்க்காரங்களுக்குத் துப்பு சொல்றான்னு பையத் தொழாவறாங்களாங்க. போன்ல காட்டிக் குடுத்தது இவருதான்னு மேனேஜருக்குத் தெரிஞ்சிபோச்சு. இங்க வந்தா கிளப்புக்காரன்னு நீங்க தொரத்தறீங்க. எங்கதாங்க அக்கா போறது?”

நல்லா நடிக்கிறாளே என்றுதான் நினைத்தேன். நினைத்ததைத்தான் சொல்கிறேன். கிளப்புக்காரன் இவனைச் சந்தேகப்படுகிறான் என்பதே எங்களை ஏமாற்றக் கட்டிய கதை என்று பெரியண்ணன் சொன்னான். எனக்கும் அது சரியாகப் பட்டது. மனசில் சந்தேகம் உட்கார்ந்துவிட்டால் கேட்கிறதெல்லாம் அதற்கே தீனி. செல்லி என் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தாலும், எதற்கு வருகிறாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனி முடியப் போகிற சமயம். இழுவை கரட்டுக்கு அந்தப் பக்கம் தாழ்வாகப் போனால் போனில் கோடு அறுந்துவிடும். அது சவுரியப்பன் ஒயர் கொடுத்த லட்சணம் என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறாயா என்றுகூடக் கேட்டாராம். கூடவே ஏறிப்போய்ப் பார்த்து வா என்று அனுப்பியிருக்கிறார். பைலட் ஜெயபால் முன்னால், சவுரியப்பன் பின்னால். அன்று பின்னால் கயிறும் இல்லை, இழுபடும் விமானமும் இல்லை.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் தம்பி கடையில் இருந்தேன். உச்சி வெயில். கல்லாவில் உட்கார்ந்து அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாபாரத்தைவிட அதுதான் அவனுக்கு முழுநேர வேலையாகிவிட்டிருந்தது.

“அக்கா, பின்னால எதையும் இழுக்காம தனியா போறான் பாரு. எதுக்கு?”

எட்டிப் பார்த்தேன். கோடு என் காட்டைத் தாண்டியது. கரட்டைச் சுற்றி அந்தப் பக்கம் வளைந்தது. நின்றுவிட்டது. காத்திருந்தோம். வரவில்லை.

“ஆஃப் பண்ணிட்டான்!” என்று எகிறி எழுந்தான் பெரியண்ணன். “நாம பாக்கறோம்னு தெரிஞ்சி ஆஃப் பண்ணிட்டு எறங்கி அளக்கறானுங்க! இன்னிக்கு கையும் களவுமா புடிச்சிடலாம்!”

கரட்டுக்குப் பின்னால் எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் காடு இருக்கிறது. போன் போட்டதும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் தம்பி வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் கிளப்பு கேட் அருகே மேனேஜர் நின்றிருந்தார். இழுவை எங்கே என்று வண்டியை நிறுத்தாமலே கத்தினான் பெரியண்ணன். “பறந்துக்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பொட்டி எப்பவும் அப்படித்தான், அவன் மாட்டினது சரியில்ல” என்றார் அவர். “மழுப்பறான் பாத்தியா” என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆளாளுக்குத் தடி எடுத்திருந்தார்கள். என் கையிலும் ஒன்று இருந்தது.

கடைசியாகக் கோடு நின்ற இடத்தைப் போனில் வைத்துக்கொண்டு தம்பி முன்னால் நடந்தான். சாமைக் கொல்லை ஒன்றைத் தாண்டி மேட்டில் ஏறினோம். அந்தப் பக்கம் பார்த்ததும் எல்லோரும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டோம்.

இழுவை மூக்கு குத்திக் கிடந்தது. ஒரு இறக்கை புளியமரத்தில் மாட்டிப் பிய்ந்திருந்தது. எஞ்சின் நடுவானில் நின்றுபோய், இறக்க இடம் தேடி, பள்ளத்தில் விழுந்திருக்கிறது. ஜெயபால் வெளியே உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணை மூடியிருந்தது. போனைக் கையில் வைத்துச் சிக்னல் தேடி ஆட்டிக்கொண்டிருந்தார். சவுரியப்பன் உள்ளேயே இருந்தான். முன்சீட்டின் இரும்பு அவன் தொடைமேல் மடங்கி அழுத்திக்கொண்டிருந்தது. ரத்தம் சொட்டவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

அவன் எங்களைப் பார்த்தான். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

“அளக்கலீங்க அக்கா” என்றான். மூச்சு வாங்கியது. “சத்தியமா அளக்கலீங்க. அடிக்காதீங்க.”

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். கால் நசுங்கிக் கிடக்கிறது, அந்த நேரத்தில் ஒரு மனுஷன் கும்பிடவும் இல்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை, அளக்கவில்லை என்கிறான். “டேய், பாத்துக்கினு நிக்கறீங்களேடா, தூக்குங்கடா!” என்று கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொண்டுபோன தடிகளைக் கொடுத்து இரும்பை நெம்பினார்கள். என் முந்தானையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். மலைக்காரர்கள் நோயாளியைத் தூக்கி வருவார்களே, அதுபோல இரண்டு தடிக்கு நடுவே வேட்டியைக் கட்டி அவனைப் படுக்கவைத்து ரோட்டுக்கு இறக்கினார்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போன வண்டியை மறித்துத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் போயே முடிந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். கிளப்பிலிருந்து ஆள் தேடிக் கிளம்பியது, நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான்.

பிறகு பார்க்கவேண்டுமே எங்கள் ஊரை! யூடியூப்காரன் ஒருவன் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெரியண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். “எங்கூட்டுப் புள்ள மாதிரிங்க. ஒரு நிமிசம் கண்ண எடுக்காம பாத்துக்கினே இருந்தோம். கோடு நின்னுச்சா, அடுத்த நிமிசம் கெளம்பிட்டோம்” என்றான். பொய் என்று ஒரு வார்த்தையைச் சொல்ல முடியுமா? மேனேஜர் ஊருக்குள் வந்து எங்களுக்குச் சால்வை போட்டார். தடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜெயபால் கேட்டதற்கு, கொல்லையில் பாம்பு நடமாட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கொல்லையில் யாரும் நட்ட கல்லும் இல்லை, அளக்கிற சங்கிலியும் இல்லை. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். பாறை நிஜம், காற்று நிஜம், பெட்டி எல்லோருக்கும் சொல்லும் என்றானே, அதுவும் நிஜம். அந்தப் பெட்டி இல்லை என்றால் அவனை எந்தப் பள்ளத்தில் போய்த் தேடியிருப்போம்? காலையில் மாட்டைக் கறந்தேன். பாலைக் காய்ச்சிக் கற்கண்டு போட்டுத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மனசு லேசாக இருந்தது. நல்ல வார்த்தை சொல்லப் போகிறவளுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். செல்லி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே எழுவாள்.

“வூட்டக் காலி பண்றதெல்லாம் வேணாம்” என்றேன், உட்காருவதற்கு முன்பே. “எத்தன வருசம் வேணும்னாலும் இருங்க. ஒங்க வூடு மாதிரி இருங்க.”

சவுரியப்பன் செல்லியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “எதுக்குங்க அக்கா?”

“எதுக்குன்னா என்னா கேள்வி? சும்மாத்தான்.”

“சும்மாவாங்க?” என்றான். “யாருன்னா கேஸு கீஸு போடறாங்களாங்க? நான் எங்கன்னா கையெழுத்துப் போடணுங்களா? இல்ல, கிளப்புல எதுன்னா கேட்டுச் சொல்லணுங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க அக்கா.”

எனக்கு வந்ததே கோபம்! “ஏண்டா, என்னை என்னா மனுசின்னு நெனச்சிக்கினு இருக்கற? வெடிஞ்சதும் வெடியாததுமா பால் காய்ச்சி எடுத்துக்கினு ஓடி வர்றேன், இவன் என்னையே குறுக்குக் கேள்வி கேக்கறான்!”

“கோச்சிக்காதீங்க” என்றான். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. “தடியோட வந்தீங்க. இப்ப தூக்கோட வர்றீங்க. எனக்கு எதுவும் புரியலீங்க அக்கா, அவ்ளோதான். கால் ஆறட்டும், நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

பாலையாவது குடிக்கச் சொல்லு என்று செல்லியிடம் தூக்கை நீட்டினேன்.

அவள் வாங்கினாள். டம்ளரில் ஊற்றினாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். சூடு பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் பால் பஸ்ஸிலேயே ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் அவனுக்குக் கொடுத்தாள்.